"கொல்லும் எண்ணம் இல்லை" என்று சொன்னால் கொலை வழக்கு நிற்காதா?

கேட்ட கேள்வி இதுதான். பங்காளித் தகராறில் ஒருவர் கத்தியால் வயிற்றில் ஒரே ஒரு குத்து குத்துகிறார். குத்துப்பட்டவர் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கிடந்து, உள்ளே சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து இறந்துபோகிறார். "மிரட்டத்தான் குத்தினேன், கொல்ல நினைக்கவே இல்லை. அவர் செத்ததும் குத்தினால் அல்ல, இன்ஃபெக்‌ஷனால்" என்று எதிரி (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்பு சொன்னால் கொலை வழக்கு நிற்குமா? மனசுக்குள் என்ன இருந்தது என்பதை யாரால் நிரூபிக்க முடியும்?

நிற்கும். இந்த இரண்டு வாதங்களுமே பார்க்கப் பலமாகத் தெரியும், சட்டத்தில் அவற்றுக்கு நாம் நினைக்கிற அளவு பலம் கிடையாது. ஆனால் இதே வழக்கு வேறு காரணத்தால், அதாவது டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காததாலும், ஆஸ்பத்திரிப் பேப்பர்களைச் சரியாகத் திரட்டாததாலும் விழுந்துபோக முடியும். கொலை வழக்கில் மனசை நிரூபிப்பதும் மரணத்தின் காரணத்தை நிரூபிப்பதும் கடைசியில் ஒரே இடத்துக்கு, இறந்தவரின் உடம்பில் இருந்த காயத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்குப் பொருந்தும் தண்டனைச் சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ். கொலை என்றால் என்ன என்று சொல்வது அதில் 101-ஆவது பிரிவு, தண்டனை 103. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இவை 300, 302. எண்கள்தான் மாறின, கொலையின் இலக்கணம் 1860-இல் எழுதியபடியே இருக்கிறது. அதனால் பழைய தீர்ப்புகள் எல்லாம் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

கொலை என்றால் கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்தது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கொலையாவதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன, அதில் ஒன்றுதான் கொல்லும் எண்ணம். கோர்ட்டில் தினமும் பேசப்படுவது மூன்றாவது வழி: ஒரு காயத்தை விளைவிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, அந்தக் காயம் இயற்கையான போக்கில் மரணத்தை உண்டாக்கப் போதுமானது, அவ்வளவுதான். இறந்துபோக வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டானா, அந்தக் காயத்தால் சாவான் என்று அவனுக்குத் தெரிந்ததா என்ற கேள்விகளுக்கு இந்த வழியில் இடமே இல்லை.

இதைத் தெளிவாக எழுதிவைத்தது 1958 மார்ச்சில் வந்த விர்சா சிங் எதிர் பஞ்சாப் அரசு என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீதிபதி விவியன் போஸ் எழுதியது. நம் கேள்விக்கும் அந்த வழக்குக்கும் ஆச்சரியமான ஒற்றுமை. விர்சா சிங் இருபத்தொன்று இருபத்திரண்டு வயது இளைஞன். ஈட்டியால் அடிவயிற்றில் ஒரே ஒரு குத்து. குடல் வெளியே வந்துவிட்டது. இரவு குத்துப்பட்டவர் மறுநாள் மாலை இறந்தார், அதற்குள் வயிற்று உள்ளுறையில் அழற்சியும் தொடங்கிவிட்டது, அது மரணத்தை விரைவுபடுத்தியது என்று டாக்டரே சொன்னார். ஒரே குத்து, முன்கூட்டித் திட்டம் இல்லை, கொல்லும் எண்ணம் இருந்ததாக நிரூபணமும் இல்லை என்பதுதான் வாதம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அந்தத் தீர்ப்பு அரசுத் தரப்பு என்னென்ன நிரூபிக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறது. உடம்பில் ஒரு காயம் இருந்தது. அது எப்படிப்பட்டது, எவ்வளவு ஆழம், எந்த உறுப்பைத் தொட்டது. அந்தக் காயத்தை விளைவிக்கவே எதிரி நினைத்தான், அதாவது கை தவறியோ தற்செயலாகவோ, வேறு ஏதோ காயம் செய்யப்போய் இதுவாக ஆனதோ இல்லை. இந்த மூன்றும் முடிந்த பிறகு நான்காவது, அந்தக் காயம் இயற்கையான போக்கில் மரணத்துக்குப் போதுமானதா என்பது. இந்த நான்காவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இது எதிரியின் மனசைப் பற்றிய கேள்வி அல்ல, மருத்துவத்தைப் பற்றிய கேள்வி, டாக்டர் சொல்ல வேண்டியது. எதிரிக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. குடல் சரிய வேண்டும் என்று நினைத்தானா, ஈரல் வரை போக வேண்டும் என்று நினைத்தானா என்றெல்லாம் தோண்டிக்கொண்டிருந்தால் உடற்கூறு படிக்காத ஒருவனுக்கும் தண்டனையே கொடுக்க முடியாது என்று போஸ் எழுதியிருக்கிறார். வயிற்றில் ஆழமாகக் குத்த நினைத்தானா? குத்தினானா? மீதியை உடம்பே சொல்லிவிடும்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்தது அதன் நேர்மை. மனசைத் திறந்து பார்த்துவிட்டோம் என்று அது நடிக்கவில்லை. சாவுக்குப் போதுமான காயத்தை வேண்டுமென்றே செய்துவிட்டு, சாக வேண்டும் என்று நினைக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க யாருக்கும் உரிமை கிடையாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆனால் இதை வைத்து "காயம் பெரியது, ஆள் செத்தார், அதனால் கொலை" என்று போய்விடவும் முடியாது. அரசுத் தரப்பு பலமுறை வழுக்கி விழுவது மூன்றாவது படியில். 1968-இல் ஹர்ஜிந்தர் சிங் எதிர் டெல்லி நிர்வாகம். இரண்டு பேருக்குள் சண்டை, விலக்கிவிட மூன்றாவது ஆள் குறுக்கே வருகிறார், எதிரி கத்தியை எடுத்து ஒரு குத்து, அது தொடையில் விழுந்து பெரிய ரத்தக்குழாயை அறுத்துவிடுகிறது. காயம் சாவுக்குப் போதுமானது என்று டாக்டர் சொன்னார், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தக் கைகலப்பில், ஆள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கும்போது, தொடையில் அந்த இடத்தில் அந்தக் காயத்தையே செய்ய நினைத்தான் என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றத்தைக் குறைத்து, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமாக மாற்றியது. பழைய 304, இன்றைய 105. அதில் எண்ணம் இருந்தால் ஒரு பங்கு, சாவு நேரலாம் என்று தெரிந்து மட்டும் செய்திருந்தால் குறைந்த தண்டனையுள்ள இன்னொரு பங்கு.

இதற்கு நேர் எதிராக 1976-இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் ராயவரப்பு புன்னய்யா. கிராமக் கட்சிச் சண்டை. ஒரு பெரியவரைப் பஸ்ஸில் இருந்து இறங்கியதும் மடக்கிக் கனத்த தடிகளால் கை கால்களில் மட்டும் அடித்தார்கள். தலையில் ஒரு அடி இல்லை, நெஞ்சில் ஒரு அடி இல்லை. உயிர்நிலையில் அடிக்காததால் கொலை ஆகாது என்று உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் திரும்பக் கொலையாகவே ஆக்கியது, ஏனென்றால் அத்தனை எலும்புகளையும் முறிக்கும்படி சேர்ந்து அடித்த அடிகள் ஒவ்வொன்றும் நினைத்துச் செய்தவை, எல்லாம் சேர்ந்து மரணத்துக்குப் போதுமானவை. "உயிர்நிலையில் அடிக்கவில்லை" என்று ஊரில் வக்கீல் குமாஸ்தா வரைக்கும் சொல்கிற ஆறுதல் இருக்கிறதே, அதை நம்பவே வேண்டாம்.

சரி, "இந்தக் காயத்தை நினைத்தான்" என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வெளியில் தெரிகிற விஷயங்களை வைத்துத்தான். என்ன ஆயுதம், அதை வீட்டிலிருந்து இடுப்பில் செருகி எடுத்து வந்தானா, அல்லது தகராறு முற்றியபோது பக்கத்தில் கிடந்த கட்டையையோ காய் நறுக்குகிற கத்தியையோ எடுத்தானா, எந்த இடத்தில் குத்தினான், எவ்வளவு வேகம், ஒரு முறையா பல முறையா, விழுந்த பிறகும் குத்தினானா, பழைய பகை உண்டா, திடீர்ச் சண்டையா, செய்த பிறகு எப்படி நடந்துகொண்டான். 2006-இல் புலிசர்லா நாகராஜு வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு நீண்ட வரிசையையே கொடுத்திருக்கிறது. அதில் எது ஒன்றும் தனியாக முடிவு செய்யாது. ஒரே குத்து என்பதால் கொலை இல்லை என்று சட்டம் ஒன்றும் இல்லை, விர்சா சிங்கும் ஒரே குத்துதான். ஆயுதத்தை எங்கிருந்து எடுத்தான் என்ற கேள்விக்கு நான் அதிக எடை கொடுப்பேன். கத்தியோடு வந்தவன் தகராறுக்கு முன்பே ஒரு முடிவோடு வந்திருக்கிறான் என்று நீதிபதிக்குத் தோன்றுவதை எந்தக் குறுக்கு விசாரணையாலும் எளிதில் துடைக்க முடியாது.

முன்விரோதம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நேரில் பார்த்த நம்பகமான சாட்சி இருந்தால் முன்விரோதம் நிரூபணமாகாவிட்டாலும் வழக்கு நிற்கும். சூழ்நிலைச் சாட்சியங்கள் மட்டும் இருக்கிற வழக்கில் அது சங்கிலியின் ஒரு முக்கியக் கண்ணி, அது இல்லை என்றால் எதிரிக்குச் சாதகம். பகை இருந்தது என்பது அவன்தான் செய்தான் என்று நம்பக் காரணமாகலாம், அதே பகை அவன் பெயரைப் பொய்யாகச் சேர்க்கவும் காரணமாகலாம். இரண்டு பக்கமும் வெட்டும்.

குடிபோதை. "நிதானத்தில் இல்லை, என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை" என்ற வாதம். 1956-இல் பாஸ்தேவ் எதிர் பெப்சு (அன்றைய பாட்டியாலா, கிழக்குப் பஞ்சாப் மாநிலம்) அரசு. ஓய்வு பெற்ற ராணுவ ஜமேதார், கல்யாண வீட்டில் நன்றாகக் குடித்திருக்கிறார், உட்கார இடம் வேண்டும் என்று பதினைந்து பதினாறு வயதுப் பையனை நகரச் சொல்கிறார், அவன் நகரவில்லை, துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டுவிடுகிறார். அவ்வளவு சின்ன விஷயம், ஒரு உயிர். குடித்திருந்தாலும் தானாக நடந்தார், பேசினார், சுட்ட பிறகு ஓடப் பார்த்தார், பிடித்ததும் மன்னிப்புக் கேட்டார், அதனால் எண்ணமே உருவாக முடியாத நிலையில் அவர் இல்லை என்று கொலைத் தண்டனை உறுதியானது. தானாகக் குடித்தவனுக்கு, குடிக்காதவனுக்கு என்ன தெரிந்திருக்குமோ அது தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கொலையைக் குறைக்கிற விதிவிலக்குகளும் உண்டு: திடீர்க் கடும் ஆத்திரமூட்டல், முன்திட்டமில்லாத திடீர்ச் சண்டை போன்றவை. அவற்றை நிரூபிக்கும் சுமை எதிரி மேல், ஆனால் அவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். 1959-இல் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவிக்கு வேறொருவரோடு தொடர்பு இருந்ததை அவள் வாயால் கேட்டவுடன் போய் அந்த ஆளைச் சுடவில்லை. குடும்பத்தை சினிமாவில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய், பொய்க் காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் வாங்கிக்கொண்டு, பிறகுதான் போனார். அந்த மூன்று மணி நேர இடைவெளியில் ஆத்திரம் அடங்கி நிதானம் திரும்பிவிட்டது என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் கொலைத் தண்டனையை உறுதி செய்தது. இதற்கு மேல் விதிவிலக்குகளுக்குள் போகவில்லை, அது தனிக் கதை.

இனி இரண்டாவது பாதி. "செத்தது இன்ஃபெக்‌ஷனால்."

சட்டம் இதற்கு 1860-இலேயே பதில் எழுதிவிட்டது. காயத்தால் மரணம் நேர்ந்தால், தகுந்த சிகிச்சையும் திறமையான வைத்தியமும் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றாலும், காயம் விளைவித்தவனே மரணத்தை விளைவித்தவன். இன்றைக்கு பி.என்.எஸ். 100-ஆவது பிரிவின் இரண்டாவது விளக்கம் அது. எனவே டாக்டர் தாமதித்தார், ரத்தம் கிடைக்கவில்லை, நல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்பதெல்லாம் எதிரியைக் காப்பாற்றாது. குத்தில் குடல் கிழிந்து, கிழிந்த இடத்திலிருந்து கழிவு வயிற்றுக்குள் பரவி, சீழ் பிடித்து, ரத்தத்தில் நச்சு ஏறி இறந்தார் என்றால் அது ஒரே தொடர், நடுவில் எதுவும் அறுபடவில்லை.

முதல் விளக்கம் நோயாளிகளைப் பற்றியது. ஏற்கெனவே நோயோ பலவீனமோ உள்ளவரின் மரணத்தை விரைவுபடுத்தினாலும் மரணத்தை விளைவித்ததாகவே ஆகும். ஆனால் இங்கே காரணத்தையும் மனசையும் பிரித்துப் பார்க்க வேண்டும், இந்தப் பிரிப்பைத் தவறவிட்டால் எல்லாமே குழம்பிப்போகும். காரணம் இவன்தான் என்பதால் மட்டும் கொலை ஆகாது. இவருக்கு இந்த நோய் இருக்கிறது, இந்த அடியே இவருக்கு எமன் என்று தெரிந்து அடித்தால் கொலை. தெரியாமல், சாதாரண ஆரோக்கியமுள்ள ஒருவரைக் கொல்லாத அடியாக அடித்திருந்தால், கொல்லும் எண்ணமும் இல்லாதபோது, கொலை ஆகாது. சட்டத்திலேயே இதற்கு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிப்பு எவ்வளவு நியாயமானதோ அவ்வளவு மோசமாகவும் பயன்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் மலேரியாவால் மண்ணீரல் வீங்கிய கூலிகளும் வேலைக்காரர்களும் துரைமார் அடித்ததில் செத்தபோதெல்லாம் "மண்ணீரல் வீக்கம், ஐயாவுக்குத் தெரியாது" என்பதே வாதம். 1876-இல் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வக்கீல் தன் குதிரைக்காரரை அடித்தார், அவர் விழுந்து மண்ணீரல் வெடித்து இறந்தார், மாஜிஸ்திரேட் விதித்தது 30 ரூபாய் அபராதம். வைஸ்ராய் லிட்டன் பிரபுவே அதைக் கண்டித்து எழுத வேண்டியதாயிற்று, அதற்காக இங்கிருந்த ஆங்கிலேயப் பத்திரிகைகள் அவர் மேல்தான் பாய்ந்தன. விதி தவறல்ல. யாருடைய "தெரியாது" நம்பப்படுகிறது, யாருடையது நம்பப்படுவதில்லை என்பதில்தான் அநியாயம் நுழைகிறது, இன்றைக்கும் காவலில் நடக்கும் சாவுகளில் நெஞ்சுவலி என்று எழுதப்படும்போதெல்லாம் எனக்கு அந்த 30 ரூபாய் நினைவுக்கு வரும்.

தொடர் அறுபடுகிற வழக்குகளும் உண்டு. 1979-இல் ஜோகிந்தர் சிங் எதிர் பஞ்சாப் அரசு: துரத்தப்பட்டவர் கிணற்றில் குதித்து இறந்தார், துரத்தியவர்கள் பதினைந்து இருபது அடி பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். குதிப்பதைத் தவிர வழியே இல்லாமல் அவரை அந்தக் கிணற்றுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்றால் அவர்களே மரணத்துக்குக் காரணம், ஆனால் அப்படி நிரூபிக்கப்படவில்லை என்று அந்த மரணத்துக்கான கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள்.

மனசும் காரணமும் ஒன்றையொன்று தவறவிடுகிற வழக்குகள்தான் இந்தத் துறையிலேயே கடினமானவை. அதில் இரண்டு நம்முடைய சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தவை, நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம்.

1919, பழனிக் கவுண்டன் வழக்கு. கணவன் மனைவியை ஏர்க் கொழுவால் தலையில் அடிக்கிறான். அவள் மயங்கி விழுகிறாள். செத்துவிட்டாள் என்றே நினைக்கிறான். தற்கொலை மாதிரித் தெரிய வேண்டும் என்று கயிற்றைக் கட்டித் தூக்கில் மாட்டுகிறான். பிரேதப் பரிசோதனையில் தெரிகிறது, அடியால் அவள் சாகவில்லை, கழுத்து இறுகித்தான் செத்தாள். அந்த அடி கொல்லும் எண்ணத்தோடு அடித்ததாக நிரூபணம் இல்லை, அது சாவை உண்டாக்கக்கூடிய அடி என்பதும் இல்லை. தூக்கில் மாட்டியது சாவை உண்டாக்கியது, ஆனால் அப்போது அவன் மனசில் இருந்தது பிணம். பிணத்தைக் கொல்ல யாரும் நினைக்க முடியாது. முழு அமர்வு கொலை இல்லை, கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றமும் இல்லை என்றது. அடித்ததற்கும், பொய்த் தடயம் உண்டாக்க முயன்றதற்கும் மட்டும் தண்டிக்கலாம்.

இந்தத் தீர்ப்பை முதலில் படிக்கிற எல்லோருக்கும் வயிறு எரியும். அந்தப் பெண் உயிரோடிருந்தபோதே தூக்கிலிடப்பட்டிருக்கிறாள், அதற்குக் கொலைத் தண்டனை இல்லை என்றால் எப்படி? ஆனாலும் சட்டமாகப் பார்த்தால் தீர்ப்பு சரியானது என்றே நான் சொல்வேன், ஏனென்றால் கொலையை மற்ற எல்லாச் சாவுகளிலிருந்தும் பிரிக்கிற ஒரே சுவர் மனசுதான், அந்தச் சுவரை ஒரு கொடியவனுக்காக இடித்தால் நாளைக்கு வேறு யாருக்காகவும் அது நிற்காது. என் குறை வேறு இடத்தில். ஏர்க் கொழுவால் மனைவியின் தலையில் அடிப்பவன் சாவு நேரக்கூடும் என்று அறியாமலா அடித்தான்? அந்த அடியின் எடையை அளந்ததில்தான் தாராளம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

முதல் அடியிலேயே கொல்லும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறிவிடும். 1943-இல் தவமணி வழக்கு: அடித்து, செத்துவிட்டதாக நினைத்து கிணற்றில் போட்டார்கள், கிணற்றில் போட்ட பிறகுதான் உயிர் போனது. எண்ணம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது, இரண்டும் ஒரே காரியத்தின் இரு பகுதிகள், கொலைதான் என்றது அதே சென்னை உயர் நீதிமன்றம். லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலும் 1954-இல் ஆப்பிரிக்காவின் பசுட்டோலாந்திலிருந்து வந்த தாபோ மெலி வழக்கில் இதே முடிவுக்கு வந்தது. ஆக, பழனிக் கவுண்டனில் எதிரியைக் காப்பாற்றியது தூக்கில் மாட்டும்போது இருந்த தவறான நம்பிக்கை மட்டும் அல்ல, முதல் அடியின்போது கொல்லும் எண்ணம் நிரூபிக்கப்படாததும்தான்.

மற்றொன்று 1912, சூரியநாராயண மூர்த்தி வழக்கு. ஒருவர் பெயரில் அவருக்கே தெரியாமல் பெரிய தொகைக்கு இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு, அவரைக் கொல்ல அல்வாவில் பாஷாணம் வைத்துக் கொடுக்கிறான். அவர் கொஞ்சம் தின்றுவிட்டு ருசி பிடிக்காமல் எறிந்துவிடுகிறார், பிழைத்தும்கொள்கிறார். எறிந்ததை எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எடுத்துத் தின்கிறாள், இறந்துபோகிறாள். அவளைக் கொல்ல யாரும் நினைக்கவில்லை. அவள் எடுத்ததே அவனுக்குத் தெரியாது. நீதிபதிகள் இருவருக்குள் கருத்து வேறுபாடு, மூன்றாவது நீதிபதி அப்துர் ரஹீம் வந்து பெரும்பான்மையில் கொலை என்று முடிந்தது. ஒருவரைக் கொல்ல எண்ணிச் செய்ததில் இன்னொருவர் செத்தாலும் எண்ணம் அவரோடு போய்ச் சேரும், பழைய 301, இன்றைய 102. இடையில் ஒரு குழந்தை எடுத்துத் தின்றது தொடரை அறுக்கவில்லை. மாறுபட்ட சுந்தர ஐயரின் தீர்ப்பும் சாதாரணமானதல்ல, இடையில் இன்னொருவர் செயல் வரும்போது முதல் ஆளின் பொறுப்பு எதுவரை நீளும் என்று அவர் ஆராய்ந்திருப்பதைச் சட்ட மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

இனி நடைமுறை. நம் கேள்வியில் உள்ள பங்காளி வழக்கு உண்மையில் எங்கே ஜெயிக்கும், எங்கே தோற்கும்?

குத்துப்பட்டவரைக் கொண்டுபோனதும் டியூட்டி டாக்டர் எழுதுகிற ஏ.ஆர். காப்பிதான் (விபத்துப் பதிவேட்டின் நகல்) முதல் ஆவணம். யார் குத்தியது, எதனால், எத்தனை மணிக்கு என்று அங்கே சொல்லப்பட்டது எஃப்.ஐ.ஆருக்கும் முந்தையது. எதிரி தரப்பு வக்கீல் முதலில் எடுத்துப் பார்ப்பது இதைத்தான். அப்புறம் ஆபரேஷன். காயத்தின் உண்மையான ஆழம், எந்தக் குடல் எங்கே கிழிந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர் ஆபரேஷன் செய்த சர்ஜன் ஒருவர்தான். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் போஸ்ட்மார்ட்டம் செய்கிற டாக்டர் பார்ப்பது தையல் போட்ட காயத்தை. ஆனால் பல வழக்குகளில் போஸ்ட்மார்ட்டம் டாக்டரை மட்டும் சாட்சியாகப் போட்டுவிட்டு சர்ஜனை விட்டுவிடுகிறார்கள், கேஸ் ஷீட்டைக் கூடக் கோர்ட்டில் சான்றாவணமாகக் குறியீடு செய்வதில்லை. அப்போது குத்துக்கும் சீழுக்கும் இடையிலான தொடரைக் கோர்ட்டில் சொல்ல ஆளே இல்லை.

கூண்டில் ஏறிய டாக்டரிடம் அரசு வக்கீலான பி.பி. கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. இந்தக் கத்தியால் இந்தக் காயம் ஏற்பட்டிருக்க முடியுமா என்று ஆயுதத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். மரணத்துக்கு இந்தக் காயம்தான் காரணமா, எப்படி என்று கேட்க வேண்டும். இந்தக் காயம் இயற்கையான போக்கில் மரணத்தை உண்டாக்கப் போதுமானதா என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியும் அதன் பதிலும்தான் கொலைக்கும் அதற்குக் கீழான குற்றத்துக்கும் நடுவே நிற்கின்றன. காயம் ஆபத்தானது என்று டாக்டர் சொன்னால் போதாது, கொடுங்காயம் என்றாலும் போதாது. ஆபத்தானது வேறு, மரணத்துக்குப் போதுமானது வேறு.

இதை விட்டதால் என்ன ஆகும் என்பதற்கு மோத்தி சிங் எதிர் உத்தரப் பிரதேச அரசு. 1960 பிப்ரவரி 9-ஆம் தேதி ஒருவருக்குத் துப்பாக்கிக் குண்டு காயங்கள், உயிருக்கு ஆபத்தானவை என்று டாக்டரே எழுதியவை. ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிந்து அனுப்பிவிட்டார்கள். மார்ச் 1-ஆம் தேதி இறந்தார். போஸ்ட்மார்ட்டம் செய்யாமல் உடலை எரித்துவிட்டார்கள். சுட்டது யார் என்று அவரே வாக்குமூலம் கொடுத்திருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது கேட்ட கேள்வி ஒன்றுதான்: அவர் எதனால் இறந்தார்? பதில் சொல்ல ஆள் இல்லை. குண்டுக் காயம் ஆபத்தானது என்பதால் மூன்று வாரம் கழித்து நடந்த சாவு அதனால்தான் என்று ஊகிக்க முடியாது. அதோடு போகவில்லை. மரண வாக்குமூலம் செல்லுபடியாவது, சொன்னவரின் மரணத்துக்கான காரணம் குறித்த வழக்கில்தான். காயத்தால் இறந்தார் என்பதே நிரூபணமாகாதபோது அவர் சொன்னது மரண வாக்குமூலமும் ஆகாது. காரணம் விழுந்தது, கூடவே முக்கியச் சாட்சியமும் விழுந்தது, தண்டனை ரத்து.

விஷம் வைத்த வழக்கானால் இன்னும் கடினம். 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி நோக்கம், விஷத்தால்தான் சாவு, அந்த விஷம் எதிரியின் கையில் இருந்தது, கொடுக்க வாய்ப்பு இருந்தது ஆகிய நான்கும் வேண்டும். தற்கொலையாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் மிஞ்சினாலே எதிரிக்கு விடுதலை, அந்த வழக்கிலும் அப்படித்தான் ஆனது.

எனவே உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு நிலைமை இருந்தால், காயம்பட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை கொலை முயற்சி வழக்காக இருப்பது இறந்ததும் கொலை வழக்காக மாற்றப்படும், அதை போலீஸ் செய்வார்கள். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது டிஸ்சார்ஜ் ஆன பிறகான நாட்களை. டிஸ்சார்ஜ் சம்மரி, பிறகு காட்டிய சின்ன ஆஸ்பத்திரிச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதையும் தூக்கிப்போடாதீர்கள், எல்லாவற்றின் நகலையும் விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வீட்டிலேயே இறந்துவிட்டால், இரண்டு மாதம் கழித்தே ஆனாலும், அழுகையும் சடங்கும் ஒரு பக்கம் இருக்க, உடலை எடுக்கும் முன் ஸ்டேஷனுக்குச் சொல்லிப் போஸ்ட்மார்ட்டம் கேளுங்கள். உறவினர்கள் "இனி எதற்கு உடம்பை அறுப்பது" என்பார்கள், அந்த வேதனை புரிகிறது. புதைத்த உடலையாவது பிறகு அனுமதி பெற்றுத் தாசில்தார் முன்னிலையில் தோண்டியெடுத்துப் பரிசோதிக்க முடியும். எரித்துவிட்டால், அவர் எதனால் இறந்தார் என்ற கேள்விக்கு ஆஸ்பத்திரிப் பேப்பர்களை மட்டும் வைத்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.